பூட்டின கக்கூஸுக்கு முழு மார்க்

தொண்ணூறுகள்ல நான் சேலத்துல ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தேன். வேலைக்குப் பேரு ஆடிட். வெளிநாட்டுக்காரன் நம்ம ஊர்ல சரக்கு வாங்கணும்னா, அது தயாராகிற இடம் சுத்தமா இருக்கா, வேலைக்காரங்களை ஒழுங்கா நடத்தறாங்களா, சரக்கு தரமா இருக்கான்னு யாராவது போய்ப் பார்த்து மார்க் போடணும். அவனுக்கு இங்க வந்து பார்க்க நேரம் இல்லை, அதனால என்னை அனுப்புவாங்க. நான் படிச்சது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதுக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்னு நானும் கேட்டதில்லை, அவங்களும் சொன்னதில்லை.

ஆடிட்டுக்குத் திடுதிப்புன்னு போகக் கூடாது. ஒரு வாரம் முன்னாடியே தகவல் சொல்லிட்டுத்தான் போகணும். அதுதான் மரியாதையாம். பொண்ணு பார்க்கப் போறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அந்த ஒரு வாரத்துல சுவத்துக்குச் சுண்ணாம்பு ஏறும், மணல் வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் ஏறும், முதலுதவிப் பெட்டின்னு ஒண்ணு திடீர்னு ஆணியில தொங்கும். ஒரு தறிக்கூடத்துல அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தலைவலித் தைலமும் மேனேஜரோட வெத்தலை பாக்கும் இருந்துச்சு. இன்னொரு இடத்துல 'அவசர வழி'ன்னு பெரிசா எழுதி அம்புக்குறி போட்டிருந்தாங்க. அம்பு காட்டின பக்கம் முழுசா செங்கல் சுவரு. என்னங்க இதுன்னா, "அவசரம் வந்தா இடிச்சுக்கலாங்க"ன்னாரு அந்த எடத்துக்காரரு. சிரிக்காம சொன்னாரு, அதுதான் விசேஷம்.

அந்த வருசம் ஆடி மாசத்துல ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம், நாகலூர் போற வழியில இருந்த ஒரு காபிக் கொட்டை ஷெட்டுக்குப் போகச் சொன்னாங்க. எஸ்டேட்டுங்கள்ல காய வச்சுத் தோல் நீக்கின கொட்டை அங்க வந்து குவியும். சுத்துப்பட்டு ஊருப் பொம்பளைங்க வரிசையா உக்காந்து கருப்புக் கொட்டை, உடைஞ்ச கொட்டை, பூச்சி குடைஞ்ச கொட்டை எல்லாத்தையும் பொறுக்கித் தள்ளுவாங்க. மிச்சம் இருக்கிற நல்ல கொட்டையை மூட்டை கட்டிக் கப்பல்ல ஏத்தணும். நான் மார்க் போட்டாத்தான் அந்தக் கப்பல் ஆர்டர் கிடைக்கும். ஆர்டர் வந்தா அந்தப் பொம்பளைங்களுக்கு வருசம் பூரா வேலை. இல்லைன்னா ஷெட்டைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.

காலையில சேலத்துல பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவு இருபதையும் சுத்தி ஏற்காட்டுல எறங்கினா, ஷெட் முதலாளி அனுப்பின ஜீப் நின்னுச்சு. வழி பூரா பனி மூட்டம், சிணுசிணுன்னு மழை. முந்தின நாள் ராத்திரியில இருந்தே நான் தண்ணி குடிக்கலை. ஆடிட்டுக்குப் போற நாள்ல நான் எதையும் குடிக்க மாட்டேன். ஜில்லாவுல இருக்கிற பாக்டரிக் கக்கூஸையெல்லாம் எண்ணி, 'பெண்களுக்குத் தனியாக உண்டு'ன்னு டிக் போட்டவ நான். அதுல ஒண்ணுலயாவது போயிருக்கியாடின்னா, இல்லை. ஒண்ணுல கதவு சாத்தாது, ஒண்ணுல தண்ணி வராது, ஒண்ணுக்குள்ள வாட்ச்மேனோட சைக்கிள் நிக்கும். காய்ஞ்ச தொண்டையோட போய்க் காய்ஞ்ச தொண்டையோட திரும்பி வர்றதுதான் என் உத்தியோகம்.

முதலாளி வாசல்லயே நின்னாரு. வெள்ளை வேட்டி, நெத்தியில சந்தனம், பேச்சுல அப்படி ஒரு பணிவு.

"வாங்க மேடம், வாங்க. மொதல்ல ஒரு காபி சாப்புடுங்க. நம்ம மலைக் காபிங்க."

"வேண்டாங்க."

"அப்ப ஆரஞ்சு ஜூஸ் போடச் சொல்லட்டுங்களா? நம்ம தோட்டத்துப் பழம்."

"வேண்டாங்க."

"பாலு? வெந்தண்ணியாச்சும்?"

எதைச் சொன்னாலும் வேண்டாம்கிறேன். அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. பக்கத்துல நின்ன, கணக்கு எழுதற ரைட்டர்கிட்ட, "நொம்பக் கண்டிப்பான அம்மாவா இருக்கும்போல. பச்சைத்தண்ணி கூடத் தொட மாட்டேங்குது"ன்னு கிசுகிசுத்தது என் காதுல விழுந்துச்சு. என் அடிவயித்துக் கஷ்டத்தை அந்த ஆளு நேர்மைன்னு நினைச்சுக்கிட்டாரு. நானும் அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டேன்.

உள்ளே போனா பொம்பளைங்க எல்லாரும் தலையில பிளாஸ்டிக் தொப்பி, வாயில துணி, கையில ரப்பர் உறையோட உக்காந்திருக்காங்க. உறை எல்லாம் ஆம்பளை சைஸு. அதைப் போட்டுக்கிட்டு காபிக் கொட்டை பொறுக்கறதுன்னா கம்பளியைச் சுத்திக்கிட்டு ஊசியில நூல் கோக்கிற மாதிரி. ஒரு கொட்டையை எடுக்கப் போனா நாலு கொட்டை உருண்டு ஓடுது. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் உறையைக் கழட்டிடறாங்க. இந்தப் பக்கம் திரும்பினா மறுபடி மாட்டறாங்க. கடைசியில நானே, "கழட்டிட்டு வேலையைப் பாருங்க தாயி"ன்னேன். அப்பறம் பார்க்கணுமே அந்தக் கையி போற வேகத்தை. கொட்டையில ஒரு குறை சொல்ல முடியாது. நான் அள்ளிப் பார்த்த சாக்குல எல்லாம் சரக்கு சுத்தமா இருந்துச்சு.

வேலைக்காரங்ககிட்ட கேள்வி கேக்கறதும் ஆடிட்டுல உண்டு. கேட்டேன். சம்பளம் ஒழுங்கா வருதா? "வருதுங்க மேடம்." குடிக்கத் தண்ணி வசதி இருக்கா? "இருக்குதுங்க மேடம்." கக்கூஸ் வசதி? "இருக்குதுங்க மேடம், சுத்தமா இருக்குதுங்க மேடம், நாங்க தெனமும் போறோமுங்க மேடம்." எல்லாரும் ஒரே குரல்ல. ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்ற மாதிரி. முதலாளி கண்ணை மூடி ரசிச்சுக் கேட்டாரு. ஓரத்துல உக்காந்திருந்த ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கலை. பக்கத்துல கொட்டச்சேடுங்கற ஊருக்காரி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், வயித்துல ஆறு மாசம். முறத்தைப் பார்த்துக் குனிஞ்சு, உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தா.

"சரி, அந்தக் கக்கூஸைக் காட்டுங்க"ன்னேன். ஆடிட்டுக்காக மட்டும் இல்லை, எனக்கே அதுக்கு மேல தாங்காது.

ஷெட்டுக்குப் பின்னாடி, மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு அது. அந்த வளாகத்துலயே அதுதான் அழகான கட்டடம். ரோஸ் கலர் சுவரு, பச்சைக் கதவு. கதவுல மஞ்சள் தடவிக் குங்குமம் வச்சிருந்தாங்க, மேல மாவிலை. வாசல்ல போட்ட கோலம் மழைக்குப் பாதி கரைஞ்சிருந்துச்சு. கதவுல என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

"சாவி எங்கங்க?"

"ஊட்டுல பூஜை ரூமுல பத்திரமா இருக்குதுங்க."

நான் சிரிப்பேன்னு நினைக்காதீங்க. எனக்குச் சிரிக்கற நிலைமை இல்லை. "ஏனுங்க, கக்கூஸைப் பூட்டி வச்சா இவங்க எப்படிங்க போவாங்க?"ன்னு கேட்டேன்.

"தொறந்து உட்டா உள்ள போயிருவாங்களேங்க."

"போறதுக்குத்தானே கட்டினீங்க?"

"ஆடிட்டுக்குக் கட்டினதுங்க மேடம். போன வருசமே கட்டியாச்சு. ஒரு சொட்டு அழுக்கு இல்லாம வச்சிருக்கறனுங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

மனுசன் பொய் சொல்லலை, திருட்டு முழியும் முழிக்கலை. பெருமையாத்தான் சொன்னாரு. பெரியவங்க யாராவது வந்தா காட்டறதுக்குன்னு புதுப் பீங்கான் செட்டைக் கண்ணாடி அலமாரியில வைக்கிற குடும்பம் இல்லையா, அந்தக் கணக்குல கக்கூஸையும் வச்சிருக்காரு. சாவி எடுத்துட்டு வர ரைட்டரை ஜீப்புல அனுப்பினாரு. முதலாளி ஊடு இருக்கறது தூரமா மஞ்சக்குட்டையில. போய்ட்டு வர்ற வரைக்கும் நான் அங்கயே நின்னா மானம் போயிடும்.

அந்தக் கொட்டச்சேட்டுக்காரி என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. பொம்பளைக்குப் பொம்பளை சொல்லவா வேணும். ரெண்டு சாக்கைக் கொங்காடையா மடிச்சு, ஒண்ணை என் தலையில கவுத்தா. "வாங்கக்கா"ன்னு முன்னாடி நடந்தா. ஷெட்டுக்குக் கீழே காபிச் செடிங்களுக்கு நடுவுல சரிவா ஒரு தடம் எறங்குது. பூரா சேறு. அவ ஒரு கையில வயித்தைத் தாங்கிக்கிட்டு, மறு கையில செடியைப் புடிச்சுப் புடிச்சு எறங்கறா. நான் அவ பின்னால என் கெமிஸ்ட்ரியையும் ஆடிட்டையும் தூக்கிக்கிட்டு எறங்கறேன்.

"இங்கதாங்கக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன். அட்டை ஏறும், காலை உதறிக்கிட்டே இருங்க."

அட்டை ஏறாம இருக்குமா? ரெண்டு ஏறுச்சு. அவ இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த பொகையிலையைத் தேச்சு எடுத்து விட்டா. மேல ஏறும்போது நின்னு மூச்சு வாங்கினா. "போன வாரம் இந்த எடத்துலதான் சறுக்கி உழுந்தனுங்க. நல்லவேளை, குண்டி ஊனி உக்காந்துட்டேன். இன்னும் ரெண்டு மாசமாச்சும் வேலைக்கு வந்தாகணும். ஊட்டுக்காரருக்கு எஸ்டேட்டுல நெனச்சா வேலை, நெனச்சா இல்ல. பகல்ல தண்ணி குடிக்காம இருந்து பாத்தேன், நர்சம்மா திட்டறாங்க."

"இவ்வளவு நேரம் உள்ள கேட்டேனே, நீ ஏன் கண்ணு சொல்லலை?"

"என்னத்தச் சொல்றதுக்கா. நீங்க மார்க் போட்டா அடுத்த ஆடி வரைக்கும் அந்தப் பூட்டு அப்படியே தொங்கும். போடலைன்னா ஷெட்டே இல்லை, அப்பறம் எனக்குக் கக்கூஸ் எதுக்கு? எனக்கு ரெண்டும் வேணும். வேலையும் வேணும், அந்தக் கதவும் தொறக்கணும்."

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. இத்தனை வருசம் இப்படி எத்தனை பச்சைக் கதவுக்கு நான் டிக் போட்டிருப்பேன்னு நினைக்கவே கூசுச்சு.

நாங்க மேல ஏறி வரவும் சாவி வரவும் சரியா இருந்துச்சு. முதலாளி கோயில் நடை தொறக்கிற மாதிரி பூட்டைத் தொறந்தாரு. உள்ள பளபளன்னு வெள்ளை ஓடு. பக்கெட்டும் மக்கும் கடையில இருந்து வந்த பாலிதீன் உறையோட. சோப்பு காகிதத்தைக் கூடப் பிரிக்கலை. குழாயைத் திருகினா தண்ணி நல்லாவே வருது. எல்லாம் இருக்கு, ஆளு போனதுக்கான தடம்தான் இல்லை.

"இதைத் தெனமும் தொறந்து வைக்கிறதா இருந்தா மார்க் போடறேன்"னேன். அவரு நேரா ஆபீஸ் ரூமுக்குப் போய்ச் சேலத்துக்கு போன் போட்டு எங்க மேனேஜர்கிட்ட ஏதோ சொல்லிட்டு, ரிசீவரை என்கிட்ட நீட்டினாரு.

"ஏம்மா, அங்க கக்கூஸ் இருக்கா?" மேனேஜரு கேட்டாரு.

"இருக்கு சார்."

"கதவு, தண்ணி, சுத்தம்?"

"எல்லாம் இருக்கு சார். ஆனா பூட்டி..."

"தொறந்திருக்கான்னு ஆடிட் பாரத்துல எங்கயாச்சும் கேட்டிருக்கா?"

"இல்லை சார்."

"வெள்ளைக்காரனே கேக்கலை. நீ எதுக்கும்மா கேக்கறே? டிக் போட்டுட்டு இருட்டறதுக்கு முன்னாடி பஸ்ஸப் புடி."

போனை வச்சேன். உண்மைதான், பாரத்துல அந்தக் கேள்வி இல்லை. கக்கூஸுக்குன்னு அதுல அஞ்சு மார்க்: இருக்கா, பெண்களுக்குத் தனியா, கதவு, தண்ணி, சுத்தம். அதைத் தயார் பண்ணின புண்ணியவானுக்கு, கட்டி முடிச்சுப் பூட்டி வைப்பாங்கன்னு கனவுலயும் தோணியிருக்காது. அதையெல்லாம் யோசிக்கிற அளவுக்கு நம்மளைத் தவிர யாருக்கு மூளை இருக்கு?

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. "சரிங்க. அஞ்சுக்கு அஞ்சு போடறேன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்"னேன்.

அவரு மூஞ்சியில காலையில இருந்து இல்லாத வெளிச்சம் வந்துச்சு. காபி குடிக்காத அம்மா கடைசியில வாயைத் திறந்துட்டாளேன்னு நிம்மதி. "என்ன வேணுமோ கேளுங்க மேடம். மிளகு ஒரு மூட்டை ஜீப்புல வைக்கச் சொல்லட்டுங்களா?"

"அந்தப் பூட்டு வேணும். சாவியோட."

அவருக்கு ஒண்ணும் புரியலை. "பழைய பூட்டுங்களேங்க. புதுசு வாங்கித் தர்றனுங்க"ன்னாரு. இதுவே போதும்னு வாங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டேன். உள்ள போய்ப் பொம்பளைங்ககிட்ட, "தெனமும் போறோம்னு சொன்னீங்க இல்ல, போய்ட்டு வாங்க. நான் பார்த்துட்டுத்தான் மார்க் போடுவேன்"னேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்தாளுங்க. மொதல்ல எழுந்தவ கொட்டச்சேட்டுக்காரிதான். அப்பறம் வரிசை நின்னுச்சு பாருங்க, ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்தற அன்னிக்குக் கூட அப்படி நிக்காது. முதலாளி தூணைப் புடிச்சுக்கிட்டு, கண்ணு முன்னாடியே ஊடு கொள்ளை போற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தாரு. "ஓடு வாங்க ஈரோடு வரைக்கும் போனனுங்க"ன்னு மட்டும் முனகினாரு.

மார்க் போட்டேன். ஆர்டர் கிடைச்சுது. சேலத்துல மேனேஜரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு, அவ்வளவுதான்.

அடுத்த ஆடிக்கு அந்த ஷெட்டுக்குத் தனியா என்னை அனுப்பலை. நான் போனா தேவையில்லாத கேள்வி கேக்கறேன்னு மேனேஜரே கிளம்பினாரு. ஃபைல் தூக்க என்னைக் கூட்டிக்கிட்டாரு. முதலாளி காபி குடுத்தாரு, மேனேஜரு ரெண்டு கப் குடிச்சாரு. அவருக்கென்ன, ஆம்பளை. மலை பூரா அவருக்குக் கக்கூஸ்தான்.

ஷெட்டு, சரக்கு எல்லாம் பார்த்துட்டு மழைத் தூறல்லயே பின்பக்கம் போனோம். ரோஸ் சுவத்துல பாசி புடிச்சிருந்துச்சு. உள்ள தரை ஈரம். மக்குல ஒரு கீறல், சோப்பு தேஞ்சு சில்லு மாதிரி கிடந்துச்சு. ஒரு மூலையில யாரோ குழந்தைத் துணியை அலசிப் போட்டிருந்தாங்க. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசமா இருந்துச்சு. மேனேஜரு மூக்கைச் சுளிச்சாரு. "சுத்தம் சுமார்தான். போன வருசம் முழு மார்க் வாங்கின கக்கூஸ் இது"ன்னு சொல்லி ஒரு மார்க்கைக் குறைச்சுட்டாரு. ஆர்டர் அதனால ஒண்ணும் நிக்கப் போறதில்லை. ஆனா முதலாளிக்கு அந்த ஒரு மார்க் போதும்.

"பாத்தீங்களா சார்? பூட்டி வச்சப்ப அஞ்சு. இந்த மேடம் பேச்சைக் கேட்டுத் தொறந்து உட்டேன், நாலு. நான் அன்னிக்கே சொன்னனுங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க"ன்னாரு மேனேஜரு. "இனிமே பூட்டியே வைங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "அப்ப யாருமே போகாததுதான் நல்ல கக்கூஸா சார்?"னு கேட்டேன். அவரு காதுல விழாத மாதிரி ஃபைலைப் புரட்டினாரு. முதலாளி ரைட்டரை அனுப்பி நாகலூர்க் கடையில இருந்து புதுப் பூட்டே வாங்கிட்டு வந்துட்டாரு. போன வருசத்துதை விடப் பெரிசு.

பூட்டைக் கையில புடிச்சுக்கிட்டு கதவைச் சாத்தினாரு. சாத்திட்டு அப்படியே நின்னாரு. கதவைத் தடவிப் பார்த்தாரு, நிலையைத் தடவிப் பார்த்தாரு. பூட்டு மாட்டற கொண்டியைக் காணோம். அது இருந்த எடத்துல நாலு ஓட்டை மட்டும் இருந்துச்சு.

"கொண்டி எங்க போச்சு?"

அந்தக் கொட்டச்சேட்டுக்காரி இடுப்புல குழந்தையோட எங்க பின்னாடி வந்து நின்னுக்கிட்டு இருந்தா. ஒன்பது மாசம் இருக்கும் அதுக்கு, நல்ல கொழுகொழுன்னு. "ஆடிட்டுன்னு கேட்டதுமே நாங்கதாங்க புடுங்கிப் பள்ளத்துல எறிஞ்சோம்"னா, சந்தையில காய் வெலை சொல்ற மாதிரி. "நீங்க புதுப் பூட்டு வாங்குவீங்கன்னு தெரியும்."

மேனேஜரு பேனாவை எடுத்தாரு. "கதவுல கொண்டி இல்லை. இதுக்கு ஒரு மார்க் போகும்."

"எடுத்துக்கங்க சார்"னா அவ. "உள்தாழ்ப்பாளைத் தொடலைங்க. அது எங்களுக்கு வேணும்."

சொல்லிட்டுக் குழந்தையைத் தூக்கி முதலாளி கையில குடுத்தா. கீழ போட முடியுமா, அவரு வாங்கிக்கிட்டாரு. ஒரு கையில பூட்டு, ஒரு கையில குழந்தை. அவ உள்ள போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. நாங்க மூணு பேரும் அவ வர்ற வரைக்கும் மழையில நின்னோம்.